ஒரே கையால் மூன்று கையெழுத்து

1

போன திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் முடிந்ததற்கு. கேக் தட்டுக்குப் பக்கத்திலேயே நகர சபையிலிருந்து வந்த தடித்த உறை ஒன்றும் கிடந்தது. விரலில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்துவிட்டு அதைப் பிரித்தேன். பிரிக்காமலே இருந்திருக்கலாம்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், அவுஸ்திரேலியாவில் எஞ்சினியர் என்றதும் நான் ஏதோ ஐம்பது மாடிக் கட்டடம் எழுப்புகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிட்னியில் பரமட்டாவுக்கு மேற்கே, தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். அது இங்குள்ள பூர்வகுடி மக்களின் நில மன்றம். அவர்களே உறுப்பினர்கள், அவர்களே தீர்மானிப்பவர்கள். நான் சம்பளத்துக்கு இருக்கும் ஆள். அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் போட்டு வைத்திருந்த ஒரு வெறும் நிலத்தை, இது எங்களுடையது என்று கேட்டு விண்ணப்பித்து, இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்து வாங்கியிருக்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் நிலத்தின் உறுதிப் பத்திரம் கைக்கு வந்த நாளில் உயிரோடு இல்லை.

அந்த நிலத்தில் பதினெட்டு வீடு, ஒரு சிறுவர் பராமரிப்பு நிலையம், இந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை வளர்த்து விற்கும் நாற்றுப் பண்ணை. பண்ணை ஏற்கனவே ஒரு கொட்டகையில் நடக்கிறது, வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மன்றத்துப் பிள்ளைகள். விற்றுவிடுங்கள், நாங்கள் கட்டிக்கொள்கிறோம் என்று எத்தனையோ கொம்பனிகள் வந்து போயின. ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மூன்று வருடமாக நான் வரைந்தும் அழித்தும் மறுபடி வரைந்தும் வந்தது இந்தத் திட்டத்தைத்தான். வியாழக்கிழமை பின்னேரம் திட்டமிடல் குழு கூடுகிறது. ஐந்து பேர் இருந்து ஓமா இல்லையா என்று சொல்வார்கள்.

உறைக்குள் இருந்தது திட்டத்துக்கு எதிரான கூட்டு மனு. எதிர்ப்புகளைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை. ஏழு பக்கம் கையெழுத்து. பெயரையும் விலாசத்தையும் கறுப்புக் கோடு போட்டு மறைத்திருந்தார்கள், கையெழுத்துகளை அப்படியே விட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தைத் திருப்பினேன். நடுவில் மூன்று வரி. அந்த மூன்றையும் போட்டவள் நான்.

ஒன்று எனக்கு, ஒன்று என் கணவர் ஜெயனுக்கு, ஒன்று மகள் ஆரபிக்கு.

டெனீஸ் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர்தான் மன்றத்தின் தலைமை நிர்வாகி, இந்தப் பகுதியின் பூர்வகுடியான தாருக் இனத்தவர். ஐம்பதைத் தாண்டியவர், வாய் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் எனக்கு அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"இஞ்ச பார் வாசுகி, இந்த மூண்டும் ஒரே கை. ஆரோ தன்ர முழுக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கிறுக்கியிருக்கு!"

"ஓம் போல கிடக்கு," என்றேன்.

"லோயரிட்டச் சொல்லுறன். வியாழக்கிழமை குழுவுக்கு முன்னால தூக்கிப் போடுவம். மறைக்காத தாளை எடுத்து ஆரெண்டு பாக்கட்டும்."

அலுவலகத்தில் நான் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துத்தான் போடுவேன். முழுக் கையெழுத்தைத் தமிழில்தான் போடுவேன், அதை அவர் கண்டதில்லை. சும்மா இருந்தால் மூன்று நாள் தப்பலாம். நாலாம் நாள் மறைக்காத தாள் வரும். உங்களுடைய எஞ்சினியரே எதிர்த்திருக்கிறாரே என்று குழுவில் ஒருவர் கேட்டால் போதும், முடிந்தது.

2

எப்படிப் போட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்புவீர்கள், நீங்களும் எங்கள் ஆட்கள்தானே.

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். பள்ளி நடக்கும் மண்டபத்துக்கு நேர் எதிரே வீதியைக் கடந்தால் அந்த நிலம். ஆரபி எட்டாம் வகுப்போடு தமிழை நிறுத்திவிட்டாள். இப்போது இருபது வயது. சனிக்கிழமைகளில் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். ஒரே காரில் வருவோம். நான் இந்தப் பக்கம் இறங்குவேன், அவள் அந்தப் பக்கம் போவாள். "பாய் அம்மா" என்பது ஒன்றுதான் அன்றைக்கு எங்களுக்குள் நடக்கும் உரையாடல்.

இரண்டு மாதத்துக்கு முதல் ஒரு சனிக்கிழமை, பள்ளி விட்ட நேரம். பெற்றோர் சங்கச் செயலாளர் குகன் அண்ணா ஒரு அட்டையில் தாள்களைச் செருகிக்கொண்டு வந்தார். ஆரபி பிறந்த அன்று என்னை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். "தங்கச்சி, பார்க்கிங் விசயம். ஒரு கையெழுத்து," என்றார். ஒரு கையில் வருகைப் பதிவேடு, மறு கையில் யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல். மேல் தாளில் "வாகனத் தரிப்பிடம், பிள்ளைகளின் பாதுகாப்பு" என்று இருந்ததைக் கண்டேன். பின்பக்கத்தைப் புரட்டவில்லை. கதைத்துக்கொண்டே போட்டேன். போட்ட கையோடு ஜெயனுக்கும் ஆரபிக்கும் போட்டேன்.

பின்பக்கத்தில் இருந்ததைத் திங்கட்கிழமைதான் வாசித்தேன். "பகுதியின் தன்மை கெட்டுவிடும்." "இவ்வாறான குடியிருப்பாளர்களால் எமது சிறார்களுக்கு ஏற்படக்கூடிய ஆபத்து." அதற்குக் கீழே என் மகளுக்காக நான் போட்ட கையெழுத்து.

இதற்கு நேர்மாறான பழக்கத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் இருந்திருக்கிறேன் என்பதுதான் பெரிய வெட்கம். மன்றத்தில், வராத ஆளுக்காக ஒருவரும் பேசமாட்டார்கள். சேர்ந்த புதிதில் வீடுகளின் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். வடிவாகப் பார்த்தார்கள், நன்றி சொன்னார்கள், சுருட்டி ஓரமாக வைத்தார்கள். பிறகு எல்லோருமாக நிலத்தில் இறங்கி நடந்து, யாருக்கு எந்தப் பக்கம் வாசல், எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று தாங்களே அடையாளத்துக்கு ஆப்படித்தார்கள். நான் பின்னால் அளவு நாடா பிடித்துக்கொண்டு போனேன். அங்கிள் ரே என்ற பெரியவரிடம், அடுத்த வீடு உங்கள் தங்கைக்குத்தானே, சமைக்கிற குசினி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டேன்.

"அவள் இஞ்ச இல்லை. அவளைக் கேள்," என்றார்.

தங்கை டபோ என்ற ஊரில் இருந்தார், ஐந்து மணி நேரப் பயணம். கூடப் பிறந்தவர்தானே, ஒரு குசினி விசயம்தானே என்று எனக்குள் கொதித்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டு கிழமை வேலை நின்றது. அந்த அம்மா வந்து, குசினி கிழக்கே இருக்கட்டும் என்று ஒற்றை வசனம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். விசர் பிடித்த சனம் என்று அன்று பின்னேரம் ஜெயனிடம் சொல்லிச் சிரித்தேன்.

3

என் கை எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். ஊரில், தெல்லிப்பழையில் எங்கள் காணி போர்க்காலத்தில் இராணுவ வேலிக்குள் போனபிறகு, மல்லாகத்தில் முகாமில் இருந்தோம். நிவாரண அட்டைக்கு, பாய்க்கு, மண்ணெண்ணெய்க்கு, எல்லாவற்றுக்கும் கிராம அதிகாரி விதானையாரின் மேசை முன்னால் வரிசை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிற்க ஏலாது. பன்னிரண்டு வயதில் நான்தான் போவேன், ஆறு பேருக்கும் நானே போடுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி வளைத்துப் போடுவதில் எனக்குப் பெருமை வேறு. விதானையாருக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் முத்திரை குத்துவார். எல்லோரும் நேரில் வரவேண்டும் என்று அவர் அடம்பிடித்திருந்தால் எங்கள் அடுப்பு எரிந்திராது.

பிறகு காணியை விடு என்று எத்தனை மனுக்கள்! அதற்கும் முழுக் குடும்பத்துக்கும் நானே போட்டேன். சிட்னிக்கு வந்தபிறகும் யார் நீட்டினாலும் போட்டேன். காணி இன்னும் வேலிக்கு உள்ளேதான். ஆக, தன் நிலத்தைக் கேட்டு ஊரெல்லாம் கையெழுத்துப் போட்ட ஒருத்தி, தன் நிலம் கிடைத்த சனத்துக்கு எதிராக மூன்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னை நானே கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

4

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹரிஸ் பார்க் என்ற பக்கத்து ஊருக்கு ஓடினேன். குகன் அண்ணாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று விசயத்தைச் சொன்னேன்.

"அண்ணா, என்ர பேரை எடுத்துவிடுங்கோ. மற்ற ரெண்டையும்."

"குடுத்ததைத் திருப்பி வாங்க ஏலாது தங்கச்சி. வேண்டாமெண்டா அவரவர்தான் எழுதிக் குடுக்கோணும்." என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீர் அங்க வேலை செய்யிறீரெண்டு எனக்குத் தெரியும்தானே. போடமாட்டீரெண்டு நினைச்சுக்கொண்டுதான் உம்மட்ட வந்தனான். நீர் என்னெண்டா மூண்டாப் போட்டுத் தந்தீர்!"

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோசமாகப் போயிருப்பேன்.

"பின்பக்கத்தில எழுதினதை ஏன் சொல்லேல்ல?"

"அதில என்ன பிழை? அவையள் நல்ல ஆக்கள், நான் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா அந்த வீடுகள் வந்தா..."

"வந்தா என்ன? சொல்லுங்கோ."

"உமக்குத் தெரியாததே?"

"எனக்குத் தெரியும் அண்ணா. முகாம் சனமெண்டு எங்களையும் ஊரில இப்பிடித்தான் கதைச்சவை. களவெடுக்கிற கூட்டமெண்டு கிணத்தடிக்கு விடேல்ல. ஞாபகமிருக்கோ? நீங்களும் எங்களோட வாளியோட நிண்டனீங்கள்."

அவர் முகம் கறுத்தது. "அதுவும் இதுவும் ஒண்டில்லை," என்றார். ஒரு வாடிக்கையாளர் தேங்காய்ப்பால் டின் எங்கே என்று கேட்டார். குகன் அண்ணா அவரோடு போய்விட்டார். வாங்க வேண்டியிருந்த பருப்பை வாங்காமலே நான் வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மெரிலேண்ட்சில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதினேன். எனக்கு ஒரு விலகல் கடிதம். ஜெயனுக்கு ஒன்று. அவரிடம் சொன்னபோது, "போட்டது போட்டாச்சு, இப்ப என்ன?" என்றுவிட்டுக் குளிக்கப் போனார், ஆனால் குளித்துவிட்டு வந்து தானே ஒப்பமிட்டார். மூன்றாவது ஆரபியின் பெயரில். "நான் தவறுதலாக ஒப்பமிட்டேன்" என்று எழுதினேன். அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாம் என்ற எண்ணம். அடியில் அவளுடைய கையெழுத்தைப் போட்டேன், பாதி வரை.

"வட் இஸ் தட்?"

ஆரபி சப்பாத்தைக் கழற்றாமலே பின்னால் நின்றாள். தாளை எடுத்து வாசித்தாள். அவளுக்கு அந்த மனுவைத் தெரியும், பண்ணையில் எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

"மை நேம் இஸ் ஒன் தட்? யூ புட் மை நேம் ஒன் தட் திங்?"

"பார்க்கிங் எண்டு சொன்னவை பிள்ளை. நான் வாசிக்கேல்ல."

"அண்ட் நவ் யூ ஆர் டூயிங் இட் அகெய்ன்!"

இரண்டாம் தடவையும் கையும் மெய்யுமாக அகப்பட்டவள் என்ன பதில் சொல்லுவாள்? அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தாள். டெனீசுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். "யூ டெல் ஹர் டுமொரோ, ஓர் ஐ வில்," என்றாள். அந்தத் தாளை நாலாக மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். சோற்றை மூடி வைத்தேன். அவள் சாப்பிட வரவில்லை.

5

புதன்கிழமை டெனீசின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒரே மூச்சில் சொன்னேன், சொல்லி முடித்து அழுதும் விட்டேன். பரவாயில்லை என்று சொல்லுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலும். சொல்லவில்லை.

"இந்த நிலத்துக்காக என்ர அம்மா எத்தினை கூட்டத்துக்குப் போனவ தெரியுமோ? உங்களுக்காக நாங்கள் பேசுறம், நீங்கள் இருங்கோ எண்டு ஒவ்வொரு கூட்டத்திலயும் ஆரோ ஒருத்தர் சொல்லுவினம். எங்கட பேரில எங்களுக்குத் தெரியாமல் எத்தினை கடதாசி!" பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதிர்த்ததை விட, உன்ர மேளின்ர பேரைப் போட்டதுதான் எனக்கு விளங்கேல்ல."

"எனக்கும் விளங்கேல்ல," என்றேன்.

"நாளைக்கு எங்களோட நீ இருக்கேலாது. எங்களுக்காகப் பேசவும் கூடாது."

"மனுவில கையெழுத்துப் போட்ட ஆளுக்கு மூண்டு நிமிசம் பேச உரிமை இருக்கு. அதில பேசுறன்."

"அது உன்ர விருப்பம்," என்றார். எழுந்து கதவைத் திறந்து விட்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நகர சபை மண்டபம். இடப்பக்கம் டெனீஸ், அங்கிள் ரே, டபோவிலிருந்து வந்திருந்த தங்கை, மன்றத்து ஆட்கள். வலப்பக்கம் எங்கள் ஆட்கள், எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள். எங்கே இருப்பது என்று தெரியாமல் கடைசி வரிசையில் ஒரு கதிரையின் நுனியில் இருந்தேன். ஆரபி நேரே வந்து இடப்பக்கம் இருந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குகன் அண்ணா நன்றாகப் பேசினார். வாகனங்கள், வீதி, பிள்ளைகள், பாதுகாப்பு. வலப்பக்கம் கை தட்டியது. பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக் வரைக்கும் இருபது அடி இருக்கும், நடந்து போனேன்.

"நாலாம் பக்கத்தில் நடுவில் இருக்கும் மூன்று கையெழுத்தும் நான் போட்டவை," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எழுதி வைத்திருந்த மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "நான் இந்தத் திட்டத்தில் வேலை செய்கிறேன். வாசிக்காமல் போட்டேன். என்னுடையதை எடுத்துக்கொள்கிறேன். கணவர் தன்னுடையதை எடுத்துக் கடிதம் தந்திருக்கிறார், இதோ." வலப்பக்கம் சலசலத்தது. "சீ," என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது, குரலை உயர்த்தினேன். "ஒன்பது வருடமாக அந்த நிலத்தின் ஓரத்தில் கார் விடுகிறோம். ஒரு நாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை. இப்போது எங்களுடைய பார்க்கிங் போகிறது என்கிறோம். அது எங்களுடையதாக என்றைக்கு இருந்தது?"

குழுவின் தலைவி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "மூன்றாவது கையெழுத்து?"

வாயைத் திறந்தேன். அவளும் விலகுகிறாள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழக்கம் அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அவர் இங்கே இருக்கிறார். அவரைக் கேளுங்கள்."

ஆரபி எழுந்தாள். முதல் வரிசையில் அங்கிள் ரே தலையைத் திருப்பி என்னை ஒரு கணம் பார்த்தார். மகள் மைக்குக்கு வரவில்லை, நின்ற இடத்திலேயே சொன்னாள். அது தன் கையெழுத்து இல்லை, தான் ஒரு நாளும் எதிர்க்கவில்லை, தான் வேலை செய்வதே அங்கேதான், அந்த வீடுகள் வரவேண்டும். அம்மா செய்தது பிழை என்றும் சொன்னாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

ஐந்து பேரில் நாலு பேர் ஆதரிக்கத் திட்டம் நிறைவேறியது. அங்கிள் ரேயின் தங்கை விம்மி அழுதார். நான் தூர நின்று பார்த்தேன். கிட்டப் போகத் துணிவில்லை. வெளியே வாசலில் டெனீஸ் என்னைத் தாண்டிப் போனவர் நின்றார். "திங்கட்கிழமை வா. எதிர்ப்புக் கடிதங்களை இனி வேற ஆள் பாக்கும்," என்றார். தோளில் தட்டவில்லை, சிரிக்கவில்லை. ஆனால் வா என்றார்.

6

வெள்ளிக்கிழமை பெற்றோர் சங்கத்திலிருந்து தகவல் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு வேறு ரீச்சர் போட்டாயிற்றாம், நான் கொஞ்சக் காலம் ஓய்வெடுக்கலாமாம். அந்த வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். "ழ" சொல்ல வராத ஒருத்தி இருக்கிறாள், இன்னும் இரண்டு கிழமையில் அவளுக்கு வந்திருக்கும்.

சனிக்கிழமை எனக்குப் போக இடமில்லை, ஆனாலும் ஆரபியைக் கொண்டுபோய் விட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் என்னோடு கதைக்கவில்லை. பண்ணை வாசலில் காரை நிறுத்தினேன். வீதிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மண்டபத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குகன் அண்ணா கதவடியில் நின்று என்னைக் கண்டார், மற்றப் பக்கம் திரும்பினார்.

ஆரபி இறங்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் விரித்தாள். நாலாக மடித்த அதே தாள், பாதியில் நின்ற அவளுடைய கையெழுத்து. நான் போட்டது.

"நல்லா வருது உங்களுக்கு," என்றாள். "என்னை விட வடிவா வருது."

தமிழில் சொன்னாள். முழு வசனத்தை அவள் தமிழில் சொல்லி எத்தனை காலம்! எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவள் முகம் இளகவில்லை.

"அம்மா, இனி எனக்காக ஒண்டும் போடாதேங்கோ. ஒண்டுமே. ஓகேயா?"

"ஓம்," என்றேன். "அப்பாவும் இதைத்தான் சொல்லுவார்..." என்று தொடங்கிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.